7. வழியில் நெட்டைப் பங்கு வைப்பது

மேட்டுப்பாளையம் என்றதும் ஊட்டி மலை ரயில்தான் பலருக்கு ஞாபகம் வரும். இங்கே சொல்லப்போவது புதுச்சேரி மேட்டுப்பாளையம். பிப்டிக் தொழிற்பேட்டையும் கனரக வாகன முனையமும் இருக்கிற இடம். பின்கோடு 605009. இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இ-வே பில் போர்ட்டல் தூரத்தைக் கணக்கிடுவது பின்கோடை வைத்துத்தான். கோவைப் பக்கத்து மேட்டுப்பாளையத்தின் 641301 தவறி விழுந்துவிட்டால், லோடு கட்டி முடிப்பதற்குள் சரக்கு முன்னூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளிப் போயிருக்கும்.

நெட் பங்கு வைப்பதைப் பற்றிய அத்தியாயத்தில் இ-வே பில் எதற்கு என்று கேட்கலாம். பயணத்தில் நெட் இல்லாமல் போனால் படம் பார்க்க முடியாது, அவ்வளவுதான் என்று நினைக்கிறவர்கள் ஒருநாள் மேட்டுப்பாளையத்திலிருந்து கிளம்பும் வண்டியில் ஏறிப் பார்க்க வேண்டும். 50,000 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள சரக்கு மாநிலம் விட்டு மாநிலம் போனால் இ-வே பில் வேண்டும் என்ற விதி 2018 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கிறது. தமிழ்நாட்டுக்குள்ளேயே ஓடும் சரக்குக்கு இந்த வரம்பு ஒரு லட்சம். புதுச்சேரிக்காரருக்கு அந்தச் சலுகை கிடையாது. எல்லையிலுள்ள கோரிமேட்டைத் தாண்டினாலே ஜிஎஸ்டி மாநிலக் குறியீட்டில் 34-லிருந்து 33-க்குப் போயாயிற்று. பில்லின் ஆயுள் 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள். வண்டி வழியில் நின்று சரக்கை வேறு வண்டிக்கு மாற்றினால், பகுதி 'பி'-யில் புது வண்டி நம்பரை ஏற்றிய பிறகுதான் நகரலாம். நாள் தீர்ந்துவிட்டால் நீட்டிப்பதற்குக் கிடைப்பது முடிவதற்கு முன் எட்டு மணி நேரம், முடிந்த பின் எட்டு மணி நேரம். இதையெல்லாம் போனின் சின்னத் திரையில் தட்டுவதைவிட லேப்டாப்பில் செய்வது லேசு. லேப்டாப்பில் சிம் கிடையாது. ஓட்டுநரின் போன் நெட் தர வேண்டும்.

இந்த வேலைக்குச் செலவாகும் டேட்டா சில எம்பிதான். அந்தச் சில எம்பி தேவைப்படும் நேரத்தில் பிளானில் அன்றைக்குரிய 2 ஜிபியும் காலியாகியிருப்பதுதான் தினசரிக் கதை. அதை யார் தின்றார்கள் என்பதுதான் இந்த அத்தியாயத்தின் முக்கியமான விஷயம். அதற்கு முன் சின்னதாக ஒரு புவியியல்.

எல்லை மாறும், வட்டம் மாறாது

மேட்டுப்பாளையத்திலிருந்து விழுப்புரம் போகிறீர்கள். வில்லியனூர் வரை புதுச்சேரி. கண்டமங்கலத்தில் தமிழ்நாடு. திருபுவனையில் மறுபடி புதுச்சேரி. மதகடிப்பட்டைத் தாண்டினால் மறுபடி தமிழ்நாடு. பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன வரைபடம் அப்படி. போனுக்கு இது எதுவும் தெரியாது, தெரியவும் வேண்டாம். புதுச்சேரியும் காரைக்காலும் டெலிகாம் கணக்கில் தமிழ்நாடு வட்டம். மாஹே கேரள வட்டத்திலும் ஏனாம் ஆந்திர வட்டத்திலும் சேரும். ஒரே யூனியன் பிரதேசம், மூன்று வட்டம். மாஹேக்கோ ஏனாமுக்கோ போனால் போனில் ரோமிங் குறி வரலாம். அதனால் டேட்டாவுக்குத் தனிக்காசு பிடிப்பதில்லை, உங்கள் பிளான் அப்படியே ஓடும். போனில் 'டேட்டா ரோமிங்' அணைந்திருந்தால் மட்டும் நெட் வராது, அதைத் திறந்துவிடுங்கள். வடக்கே ஜம்மு-காஷ்மீர் வரை லோடு போகிறவர்கள் போஸ்ட்பெய்டு சிம் ஒன்று வைத்திருப்பது நல்லது. வெளிமாநில ப்ரீபெய்டு சிம்கள் அங்கே எடுபடுவதில்லை.

ஒயர், புளூடூத், வைஃபை

ஒரு போனின் நெட்டை இன்னொரு கருவிக்குக் கொடுக்க மூன்று வழி உண்டு. எல்லோரும் கடைசி வழியை முதலில் பிடிக்கிறார்கள்.

லேப்டாப் ஒன்றுக்கு மட்டும் நெட் வேண்டுமென்றால் யூஎஸ்பி ஒயர்தான் சிறந்தது. போனை ஒயரால் இணைத்துவிட்டு, செட்டிங்கில் ஹாட்ஸ்பாட், டெதரிங் என்று வரும் பகுதிக்குப் போங்கள். ஒயர் செருகிய பிறகுதான் யூஎஸ்பி டெதரிங் பொத்தான் உயிர் பெறும். அதற்கு முன் மங்கலாகவே இருக்கும். வேகம் குறையாது, பக்கத்து சீட்டுக்காரர் தொற்றிக்கொள்ள முடியாது, போனும் லேப்டாப்பிலிருந்து சார்ஜ் ஏறிக்கொண்டே இருக்கும். லேப்டாப்பின் பேட்டரி அந்த அளவுக்கு இறங்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள். பொத்தான் உயிர் பெறவே இல்லையென்றால் பத்துக்கு ஒன்பது முறை குற்றம் ஒயர் மேல்தான். ரோட்டோரத்தில் மலிவாகக் கிடைக்கும் பல ஒயர்களில் சார்ஜுக்கான கம்பி மட்டும் இருக்கும், டேட்டா கம்பி இருக்காது. போனோடு பெட்டியில் வந்த ஒயரைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். ஐபோனை விண்டோஸ் லேப்டாப்பில் ஒயரால் இணைப்பதென்றால் லேப்டாப்பில் ஆப்பிளின் மென்பொருள் முன்கூட்டியே ஏற்றப்பட்டிருக்க வேண்டும். அதை வீட்டிலேயே செய்துவிட்டுக் கிளம்புங்கள்.

புளூடூத் வழியை யாரும் மதிப்பதில்லை. மெதுவானது, உண்மைதான், ஆனால் பேட்டரியைக் கொஞ்சமாகத்தான் தின்னும். மின்னஞ்சல், இ-வே பில், வாட்ஸ்ஆப் எழுத்து இவற்றுக்குத் தாராளம். வேகம் குறைவு என்பதிலும் ஒரு நன்மை இருக்கிறது: லேப்டாப் உங்களுக்குத் தெரியாமல் பெரிய ஃபைல் எதையும் இழுத்துவிட முடியாது.

இரண்டு மூன்று கருவிகள் இருந்தால்தான் வைஃபை ஹாட்ஸ்பாட். இதில் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசை காட்டும். 5 வேகமானது, தூரம் குறைவு. 2.4 தூரம் போகும்; ஆனால் பஸ் ஸ்டாண்டு மாதிரி நூறு போன்கள் கூடுகிற இடத்தில் திணறும், ஏனென்றால் ஒன்றோடொன்று மோதாத சேனல் அதில் மூன்றுதான் உண்டு. வண்டிக்குள், ரூமுக்குள் என்றால் 5-ஐப் போடுங்கள். பழைய லேப்டாப், பில் மெஷின், லேபிள் பிரிண்டர் போன்றவற்றில் பல 2.4-ஐ மட்டுமே பார்க்கும். ஹாட்ஸ்பாட் பெயரே லிஸ்டில் வரவில்லை என்று தலையைச் சொறிவதற்கு முன் இதை மாற்றிப் பாருங்கள். ஐபோன் 12-லும் அதற்குப் பிறகு வந்தவற்றிலும் இதற்கு 'மேக்சிமைஸ் கம்பாட்டிபிலிட்டி' என்று ஒரு பொத்தான் உண்டு. அடுத்த கருவி இணைகிற வரை ஐபோனில் ஹாட்ஸ்பாட் திரையை விட்டு வெளியே வராதீர்கள்.

லேப்டாப்புக்குத் தெரியாது

இப்போது திருடனைப் பிடிப்போம்.

உங்கள் போனுக்கு, தான் செலவழிப்பது மொபைல் டேட்டா என்று தெரியும். அதனால் அடக்கமாக இருக்கும். ஆப் அப்டேட், போட்டோ பேக்கப் எல்லாம் "வைஃபை கிடைத்ததும் பார்க்கலாம்" என்று காத்திருக்கும். உங்கள் ஹாட்ஸ்பாட்டில் இணையும் லேப்டாப்பைப் பொறுத்தவரை வந்திருப்பது வைஃபை. வீட்டில் அளவில்லாமல் ஓடும் ஃபைபர் நெட்டுக்கும், திண்டிவனம் ரோட்டில் 2 ஜிபியை நம்பி ஓடும் போனுக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது. இத்தனை நாள் காத்திருந்த விண்டோஸ் அப்டேட் அப்போதுதான் கிளம்பும். ஒன்டிரைவ் தன் பங்குக்கு ஃபைல்களை மேலே ஏற்றும். வாட்ஸ்ஆப் டெஸ்க்டாப் மூன்று நாள் குரூப் வீடியோக்களை இறக்கும். நீங்கள் ஒரு படிவத்தைத் திறந்து வைத்துக்கொண்டு "நெட் ஸ்லோவாக இருக்கிறதே" என்று உட்கார்ந்திருப்பீர்கள்.

ஆகவே லேப்டாப்பிடம் சொல்லிவிட வேண்டும். விண்டோஸில் செட்டிங், நெட்வொர்க், வைஃபை என்று போய், இணைந்திருக்கும் உங்கள் ஹாட்ஸ்பாட்டின் பெயரைத் திறந்தால் 'மீட்டர்டு கனெக்ஷன்' என்று ஒரு பொத்தான் இருக்கும். அதை ஆன் செய்யுங்கள். ஒருமுறை செய்தால் போதும், அந்தப் பெயர் உள்ள ஹாட்ஸ்பாட்டுக்கு லேப்டாப் அதை நினைவில் வைத்துக்கொள்ளும். ஹாட்ஸ்பாட்டின் பெயரை மாற்றினாலோ புதுப் போன் வாங்கினாலோ மறுபடி செய்ய வேண்டும்.

பலர் கோட்டை விடுவது ஒயர் விஷயத்தில். ஆண்ட்ராய்டு போனை யூஎஸ்பியில் இணைத்தால் விண்டோஸ் அதை வைஃபை என்று பார்ப்பதில்லை, 'ஈதர்நெட்' என்று பார்க்கும். வைஃபையில் நீங்கள் போட்டுவைத்த மீட்டர்டு கட்டுப்பாடு இங்கே செல்லாது. ஈதர்நெட் பக்கத்தைத் திறந்து அங்கேயும் தனியாகப் போட வேண்டும்.

ஆப்பிள் கருவிகளில் இதே வேலையைச் செய்வது 'லோ டேட்டா மோடு'. ஐபோனோ ஐபேடோ உங்கள் ஹாட்ஸ்பாட்டில் இணைந்ததும், அந்த நெட்வொர்க்கின் பக்கத்திலுள்ள 'ஐ' குறியைத் தொட்டால் கிடைக்கும். ஆண்ட்ராய்டுக்கு ஆண்ட்ராய்டு கொடுக்கும்போது, கொடுக்கிற போனே "நான் மீட்டர் ஓடும் லைன்" என்று சொல்லிவிடும். வாங்குகிற போன் பெரும்பாலும் புரிந்துகொள்ளும். சிக்கல் வருவது கலப்புக் கூட்டணியில்தான். ஆண்ட்ராய்டு ஹாட்ஸ்பாட்டில் ஒரு ஐபோனும் ஒரு விண்டோஸும் சேர்ந்தால் இரண்டுக்கும் கையால் சொல்ல வேண்டியிருக்கும்.

சில கம்பெனிப் போன்களில் ஹாட்ஸ்பாட்டுக்கு மட்டும் டேட்டா வரம்பு வைக்கலாம்: 300 எம்பி தாண்டினால் தானாக நிற்கும்படி. உங்கள் போனில் இருந்தால் வைத்துவிடுங்கள். இந்த நூலில் வரும் சின்னச் சின்ன யோசனைகளில் காசை நேரடியாக மிச்சப்படுத்துவது இதுதான்.

2 ஜிபி எவ்வளவு தூரம் வரும்

2016 செப்டம்பர் 5-ல் ஜியோ வந்த பிறகு, நாளுக்கு இவ்வளவு என்று டேட்டாவை அளந்து கொடுப்பது இந்தியாவில் வழக்கமாகிவிட்டது. ஒன்றரை ஜிபி, 2 ஜிபி என்பது ஒரு போனுக்கு ஏற்ற அளவு. நடுத்தரத் தெளிவில் வீடியோ பார்த்தால் மணிக்குச் சுமார் அரை ஜிபி போகும். எச்டி என்றால் ஒன்றரையைத் தாண்டும். ஜூம் மீட்டிங் மணிக்கு அரையிலிருந்து ஒன்றரை ஜிபி வரை. கேமராவை அணைத்துவிட்டு வெறும் குரலில் பேசினால் அதில் சிறு பங்குதான். மீட்டிங்கில் உங்கள் முகத்தை யாரும் தேடப்போவதில்லை என்றால் அணைத்தே வையுங்கள்.

அன்றைய அளவு தீர்ந்தால் நெட் அறுந்துவிடாது. ஜியோ, ஏர்டெல் பிளான்களில் வேகம் 64 கேபிபிஎஸ்ஸுக்கு இறங்கும். அதாவது ஒரு எம்பி இறங்க இரண்டு நிமிடத்துக்கு மேல். 5 எம்பி பிடிஎஃப் ஒன்றுக்குப் பத்து நிமிடம். வாட்ஸ்ஆப்பில் எழுத்து போகும், யுபிஐ மெல்ல நகரும். அரசுப் போர்ட்டல்கள் பாதியில் வெளியே தள்ளிவிடும். அந்த நேரத்தில் ஹாட்ஸ்பாட்டை அணைத்துவிட்டு, போனிலேயே ஆட்-ஆன் டேட்டா ரீசார்ஜ் செய்யுங்கள். அல்லது வீட்டுக்குப் போன் போட்டுச் செய்யச் சொல்லுங்கள்.

கணக்கு நள்ளிரவு 12-க்குப் புதிதாகத் தொடங்கும். மிச்சம் பெரும்பாலான பிளான்களில் மறுநாளுக்குச் சேராது. இரவு வண்டியில் போகிறவர்களுக்கு இது வசதி: லோடு இறக்கிய போட்டோ, கையெழுத்து வாங்கிய சலான் போன்ற கனமானவற்றை 12-க்கு முன் அன்றைய மிச்சத்திலேயே ஏற்றிவிடலாம்.

5ஜி அன்லிமிடெட் இருக்கிறதே என்பீர்கள். 2024 ஜூலை விலையேற்றத்துக்குப் பிறகு ஜியோவிலும் ஏர்டெல்லிலும் அது பொதுவாக நாளுக்கு 2 ஜிபி அல்லது அதற்கு மேல் தரும் பிளான்களுக்கே. போனில் 5ஜி என்று காட்டும் வரைதான் அன்லிமிடெட். ரோடு ஊரை விட்டு விலகி 4ஜிக்கு இறங்கியதும் தினசரி அளவிலிருந்து கழியத் தொடங்கும். போன் மணியடித்துச் சொல்லாது. ஓடும் வண்டியில் 5ஜியை நம்பிப் பெரிய டவுன்லோடைத் தொடங்காதீர்கள்.

போனை எங்கே வைப்பது

போனை லேப்டாப் பக்கத்தில் வைக்கவே எல்லோருக்கும் கை போகும். வைஃபை பத்து மீட்டர் போகும். அதற்குப் பக்கம் தேவையில்லை. போனுக்கு வேண்டியது டவர். லாரி கேபின் இரும்புப் பெட்டி, கண்ணாடி வழியாகத்தான் சிக்னல் தாராளமாக வரும். ஆகவே போன் கண்ணாடியோரம், லேப்டாப் மடியில். ரயிலிலும் ஏசி பஸ்ஸிலும் இதே விதிதான்.

கண்ணாடியோரம் என்றதும் டேஷ்போர்டில் வெயில் படும்படி வைத்துவிடக் கூடாது. தன் கருவிகளுக்கு 35 டிகிரி வரைதான் ஏற்ற வெப்பம் என்று ஆப்பிளே சொல்கிறது. சித்திரை வெயிலில் புதுச்சேரிக்கு அது காலை பத்து மணிக்கே வந்துவிடும். ஹாட்ஸ்பாட் ஓடும்போது போன் தானாகவே சூடாகும். மேலே சார்ஜும் வெயிலும் சேர்ந்தால் முதலில் வேகம் குறையும், அப்புறம் சார்ஜ் ஏறாது, கடைசியில் அணைந்துவிடும். கவரைக் கழற்றிவிட்டு, நிழல் விழும் பக்கத்துக் கண்ணாடியில் செருகுங்கள்.

சார்ஜர் வாங்கும்போது ஒன்றைப் பாருங்கள். காரிலும் டாடா ஏஸ் போன்ற சின்ன வண்டிகளிலும் 12 வோல்ட். பெரிய லாரிகளில் 24. '12-24 வோல்ட்' என்று அச்சிட்ட சார்ஜர் இரண்டுக்கும் ஆகும். வெறும் 12 என்றிருப்பதை லாரியில் செருகினால் சார்ஜர் புகையும், சில நேரம் போனையும் சேர்த்துக் கொண்டுபோகும்.

இரண்டு சிம் வைத்திருப்பவர்களுக்கு

இரண்டு கம்பெனி சிம் வைத்திருப்பது பயணத்துக்கு நல்ல யோசனை; ஒன்றுக்கு டவர் இல்லாத இடத்தில் மற்றது இருக்கும். ஹாட்ஸ்பாட்டுக்குப் போகும் நெட் எந்த சிம்மை டேட்டாவுக்கென்று குறித்திருக்கிறீர்களோ அதிலிருந்துதான். பல போன்களில், அடுத்த சிம்மில் கால் வந்து நீங்கள் பேசும் நேரம் முழுக்க முதல் சிம்மின் டேட்டா நின்றுவிடும். படிவத்தைச் சமர்ப்பிக்கும் நொடியில் முதலாளி போன் அடித்தால் அதோகதிதான். இ-வே பில் போர்ட்டலில் இப்போது ஓடிபி இல்லாமல் நுழைய முடியாது. அந்த எண்ணும் பதிவு செய்த சிம்முக்கே வரும். அது யாருடைய பையில் இருக்கிறது என்பதை வண்டி ஏறும் முன்பே பேசி வையுங்கள்.

யாருக்குக் கொடுப்பது

"தம்பி, ஒரு நிமிஷம் ஹாட்ஸ்பாட் போடுறியா, ஜிபே பண்ணணும்" என்று பஸ்ஸில் கேட்பவருக்கு இல்லை என்று சொல்ல நமக்கு வராது. கொடுங்கள். 12345678 என்ற பாஸ்வேர்டோடு கொடுக்காதீர்கள். அந்த நெட் வழியாக நடப்பதெல்லாம் உங்கள் சிம்மின் கணக்கில் பதிவாகும். ஏதாவது தகராறு என்றால் விசாரணை முதலில் வந்து நிற்பது சிம் யார் பெயரிலோ அவர் வீட்டில்தான். அவர் வேலை முடிந்ததும் ஹாட்ஸ்பாட்டை அணைத்து பாஸ்வேர்டை மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் அடுத்தமுறை நீங்கள் ஆன் செய்யும்போது, பக்கத்தில் அவர் இருந்தால் அவர் போன் கேட்காமலே வந்து ஒட்டிக்கொள்ளும். ஹாட்ஸ்பாட்டின் பெயரில் உங்கள் சொந்தப் பெயரோ போன் நம்பரோ இருக்க வேண்டாம். ஐபோன்கள் உரிமையாளர் பெயரையே வைத்துவிடுகின்றன, மாற்றுங்கள்.

ரயில் நிலையங்களில் ரயில்டெல்லின் இலவச வைஃபை முதல் அரை மணி நேரத்துக்குக் காசில்லாமல் கிடைக்கும். டவுன்லோடு ஏதாவது பாக்கி இருந்தால் அதற்கு நல்லது. பணம், வங்கி, ஜிஎஸ்டி வேலைகளுக்குச் சொந்த ஹாட்ஸ்பாட்டே மேல்.

பிரான்ஸிலிருந்து வந்திருப்பவர்கள்

புதுச்சேரிக்காரர் எழுதும் வழிகாட்டியில் இந்தப் பகுதி இல்லாவிட்டால் ஊர் மன்னிக்காது. சொல்தா குடும்பமாக (பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர்களின் குடும்பம்) இருந்தால் ஜூலை, ஆகஸ்ட்டில் பாரிஸிலிருந்து பெரியப்பா வீடோ மாமா வீடோ வந்து இறங்கும். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் 2017 ஜூன் 15 முதல் ரோமிங்குக்குத் தனிக்கட்டணம் இல்லை. அந்தப் பழக்கத்தில் சென்னை விமான நிலையத்திலும் போனை அப்படியே திறந்துவிடுவார்கள். அந்த விதி இந்தியாவுக்குச் செல்லாது. அவர்களுடைய பிளானில் இந்தியா சேராவிட்டால் பில் யூரோவில் எகிறும்.

அழைத்துவரக் காரில் போகிறவர் செய்ய வேண்டியது இது. "மாமா, சிம்மை அணைக்க வேண்டாம், டேட்டா ரோமிங்கை மட்டும் அணைச்சிடுங்க" என்று முதலில் சொல்லுங்கள். சிம் உயிரோடு இருந்தால்தான் பிரெஞ்சு வங்கி அனுப்பும் ஓடிபி எஸ்எம்எஸ் வந்து சேரும். பிறகு உங்கள் ஹாட்ஸ்பாட்டில் சேருங்கள். பாஸ்வேர்டை எழுத்தெழுத்தாகச் சொல்ல வேண்டியதில்லை, ஆண்ட்ராய்டில் க்யூஆர் கோடு காட்டினால் அவர் கேமராவைப் பிடித்தாலே போதும். பிரெஞ்சு நம்பரில் உள்ள வாட்ஸ்ஆப் உங்கள் நெட்டில் அப்படியே ஓடும். லோ டேட்டா மோடை அவர் போனில் நீங்களே போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் விமானத்தில் எடுத்த போட்டோவும் வீடியோவும் ஐகிளவுடுக்கு ஏற வரிசையில் நிற்கும், கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் வருவதற்குள் உங்கள் 2 ஜிபி முடிந்துவிடும்.

பத்து நாளுக்கு மேல் தங்குகிறவர்களுக்கு ஹாட்ஸ்பாட் தீர்வாகாது. பாஸ்போர்ட்டையும் விசாவையும் எடுத்துக்கொண்டு போய் ஒரு ப்ரீபெய்டு சிம் வாங்கிக் கொடுத்துவிடுங்கள். மாத ரீசார்ஜுக்கு ஆகும் காசு, அவர்களுடைய ஊரில் இரண்டு மூன்று காபிக்கு ஆகிற காசுதான்.